மைனஸ் எண்பது

புயலுக்குப் பேர் வைத்திருந்தார்கள்,
எனக்கு வாயில் நுழையவில்லை.
கம்பம் சாய்ந்தது எர்ணாவூரில்.
அணைந்தது காசிமேட்டில்,
ஐஸ் கம்பெனி மாடியில் எங்கள் உறைபெட்டி.

மைனஸ் எண்பதில் இருந்தது.
ராத்திரி எழுபத்தொன்று.
விடியலில் ஐம்பத்தெட்டு.
டீசல் வாங்கப் போன கலைவேந்தன்
வல்லூர்ப் பக்கம் இடுப்புத் தண்ணீரில் நிற்கிறானாம்.
போனில் தவளை மட்டும் தெளிவாகப் பேசியது.

"இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு,
உள்ள கீறது கிருமிதான?"
என்றார் வீட்டிலிருந்து இவர்.
கிருமிதான்.
எண்ணூர்க் கழிமுகத்தில் பிடித்த மடவையின்
குடலைக் கீறி எடுத்தது,
சாம்பல்தண்ணி இறங்கியதற்கு முந்தின வாரம்.
இப்போது அதே மேட்டில் நின்று வலை வீசினால்
மடவை வரலாம்.
அதன் வயிற்றில் இது இருக்குமா?
யாரும் தேடவில்லை, நானும்தான்.

உறையவைப்பது லேசில்லை.
வெறும் தண்ணீரோடு உறைந்தால்
பனி ஊசியாகி உள்ளிருந்தே கிழிக்கும்.
கிளிசரால் கலந்து, அவசரப்படாமல்,
படிப்படியாகக் கீழே இறக்க வேண்டும்.
போன வருஷம் பாதியை வேறு மாதிரி செய்தேன்:
கொழுப்பெடுத்த பால்பொடி, சிட்டிகைச் சர்க்கரை,
காற்றை உறிஞ்சி மூடிய கண்ணாடிக் குப்பி.
பனி உருகாமலே ஆவியாகப் போய்விடும்,
மிஞ்சுவது வெள்ளைத் தூள்.
கருவாடு போடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும்.
ஒரே வித்தியாசம்,
இந்தக் கருவாடு தண்ணீர் பட்டதும்
நீந்த வேண்டும்.

சாயங்காலம் இருபத்திரண்டு.
கீழே போய் பாக்கியமேரியிடம் கேட்டேன்.
வஞ்சிரத்துக்கு உடைத்த ஐஸில்
மூட்டை உப்பைக் கொட்டினாள், அள்ளி அள்ளி.
"இதுக்கு மேல எறங்காது டீச்சர்."
நான் டீச்சர் இல்லை. திருத்தவில்லை.
நூற்றுப்பன்னிரண்டு குழாய்கள்
மீன்பெட்டியில் படுத்தன, மேலே கோணி.

அப்போதுதான் யேசுபாதம் கூப்பிட்டார்,
காட்டுப்பள்ளிக் குஞ்சுப்பண்ணையிலிருந்து:
"மேடம், தொட்டி எரியுது."

மணலியிலிருந்து பழவேற்காடு வரை ஒரு விளக்கில்லை.
அவருடைய நான்காம் தொட்டி மட்டும்
நீலமும் பச்சையுமாகத் தகதகத்தது.
அழகு. வேறு வார்த்தை தோன்றவில்லை.
ஐந்து லட்சம் இறால் குஞ்சு
வெளிச்ச நோயில் செத்துக்கொண்டிருந்தது,
ஒவ்வொன்றும் தன் வயிற்றில் ஒரு விளக்கேற்றி.

நான்காம் தொட்டிக்கு என்னிடம் ஒன்றுமில்லை.
குளோரினை ஊற்றச் சொன்னேன்.
ஊற்றும்போது அவர் முகம் கொஞ்ச நேரம்
அந்த வெளிச்சத்திலேயே தெரிந்தது.
ஐந்தாம் தொட்டியில் அங்கங்கே பொறி.
தூள் குப்பிகளை உடைத்தேன்.
சுத்தம் செய்த கடல்தண்ணி, வெல்லக் கரைசல்,
பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாய்.
"எப்ப எழுந்திருக்கும்?"
விடியட்டும் என்றேன்.
எழுந்தால், என்று சேர்த்துச் சொல்லவில்லை.

காலையில் ஊற்றினோம், மறுநாளும்.
தட்டில் போட்ட சொட்டிலிருந்து
எழுபத்துமூன்று புள்ளி முளைத்தது.
எதிர்பார்த்ததில் பத்தில் ஒன்று.
நோட்டில் எழுதினேன், அடிக்கோடில்லாமல்.

மூன்றாம் ராத்திரி கரண்ட் வந்தது.
தெருவெல்லாம் கூச்சல், யாரோ விசிலடித்தார்கள்.
"லைட்டை அணைங்க" என்றேன்.
மூன்று நாள் காத்திருந்த மனிதர்
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அணைத்தார்.

கண் பழக ஐந்து நிமிஷம்.
தொட்டி கறுப்பு.
நல்ல, கெட்டியான கறுப்பு.
மூலையில் ஒன்று மினுங்கியது,
இல்லை, இப்போது இல்லை,
என் கண்ணாகவும் இருக்கலாம்.

காசிமேட்டில் மீன்பெட்டியை
இன்னும் திறக்கவில்லை.
யேசுபாதத்தின் கை சுவிட்சைத் தேடும் சத்தம் கேட்கிறது.
இருங்க, அண்ணே.
இன்னும் கொஞ்சம்.